இரட்டைப் பூட்டு

கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, திருச்சியில் அரசு குமாஸ்தாவாகக் கோப்பு கட்டியே ரிடையர் ஆனவன் நான். தகுதி ஒன்றும் கிடையாது. ஆனால் காந்தி மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த ஒரு காய்கறி மண்டியில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

மண்டிக்காரர் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். லால்குடி, மணப்பாறை பக்கத்து விவசாயிகள் சரக்கைப் போட்டுவிட்டு, பணத்தை வாராவாரம் கணக்குப் பார்த்து வாங்கிப் போவார்கள். அவர் மகன் தொழிலுக்கு வந்ததும் பேரேட்டை மூடிவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். நல்ல காரியம்தான். ஒரு நாள் விடியற்காலை கடை திறந்து பார்த்தால், திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். கணக்குக் கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டிருந்தன. பணம் அனுப்பினால்தான் திறப்பார்களாம்.

மண்டிக்காரர் பணம் அனுப்பவில்லை. விவசாயிகளை வரச்சொல்லி, அவர்களிடம் இருந்த துண்டுச் சீட்டுகளைப் பார்த்துப் பாக்கியைக் கொடுத்தார். சீட்டைத் தொலைத்தவர்களுக்கு அவர்கள் வாயால் சொன்ன தொகையைக் கொடுத்தார். அதில் எவ்வளவு போயிற்று என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

சென்னையில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தான். அவனை மண்டிக்கு அழைத்துப் போனேன். அதற்குள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, விலை கொடுத்து ஆன்ட்டிவைரஸும் போட்டிருந்தார்கள். பேரன் முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வெளியிலிருந்து தன் செல்போன் இணைப்பு வழியாக என்மேப் என்ற மென்பொருளை ஓட்டினான். 1997-லிருந்து இலவசமாகக் கிடைப்பது அது. ராத்திரியில் கூர்க்கா ஒவ்வொரு கடைப் பூட்டையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே போவார் அல்லவா? அந்த வேலைதான். ஒரு கணினி முகவரிக்கு 65,535 வாசல்கள் உண்டாம். எது திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறது.

"தாத்தா, கதவு இன்னும் தொறந்தேதான் கெடக்கு" என்றான்.

பில் போடும் மென்பொருளை விற்றவர், பழுது வந்தால் தன் வீட்டிலிருந்தே சரிசெய்ய வசதியாக ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார். அதற்குப் பாஸ்வேர்டு, கடைப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். புது மெஷினுக்கும் அதேதான். திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு, சாவியை நிலைப்படி மேலே வைத்த கதை.

இதைச் சின்ன மண்டியின் அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கே இது நடந்தது. ஐந்து சர்வர்களில் இருந்த தகவல்கள் பூட்டப்பட்டுப் பல நாட்கள் புறநோயாளிச் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். வலையமைப்பைச் சரியாகத் தடுத்துப் பிரிக்காததுதான் காரணம் என்று அரசே பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அங்கே காப்பாற்றியது எது தெரியுமா? தாக்குதல் எட்டாத இன்னொரு சர்வரில் இருந்த நகல். அதிலிருந்துதான் ஈ-ஹாஸ்பிடல் தகவல்களை மீட்டார்கள்.

என் கட்சி இதுதான். விலை கொடுத்து வாங்குகிற மென்பொருள் இரண்டாம் பட்சம். பழைய அலுவலக ஒழுங்கு மூன்றையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தாலே பாதிக்கு மேல் ஆபத்து விலகும்.

முதலாவது, இரட்டைப் பூட்டு. கருவூலத்து ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. பாஸ்வேர்டுக்கு மேல் போனில் வரும் எண்ணையும் கேட்பது இதே ஏற்பாடுதான். அந்த எண்ணை யாரோ போனில் கேட்டதும் சொல்வது, இரண்டாவது சாவியையும் கொடுப்பதற்குச் சமம். பாஸ்வேர்டைப் பிரெஞ்சில் 'மோ த பாஸ்' என்பார்கள். காவலைக் கடந்து போகச் சொல்லும் சொல். ஒரே சொல்லை எல்லாக் காவலுக்கும் வைக்கக் கூடாது. நினைவில் நிற்காது என்பவர்களுக்குக் கீபாஸ் போன்ற இலவசப் பெட்டகங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, நகல். ஒரு வெளி டிஸ்கில் தினமும் கணக்கை நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, வருகைப் பதிவேடு. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானாகவே எழுதி வைக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. பேரன் தன் சர்வர்களில் ஃபெயில்டுபேன் என்ற இலவச மென்பொருள் வைத்திருக்கிறான். அது அந்தப் பதிவேட்டைப் படித்துக்கொண்டே இருந்து, தப்பான பாஸ்வேர்டை நாலைந்து தடவை போட்டவனைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவிடும். நல்ல வாட்ச்மேன்!

"பேசாமல் பேரேட்டுக்கே திரும்பிவிடலாமே சார்" என்று மண்டியின் பழைய கணக்கப்பிள்ளை கேட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. 1977 நவம்பர் வெள்ளத்தில் திருச்சி மூழ்கியபோது நனைந்த கோப்புகளை வெயிலில் காயவைத்தவன் நான். மை கரைந்த பக்கத்தை எந்தச் சாவியாலும் திறக்க முடியாது. காகிதமானாலும் கம்ப்யூட்டரானாலும் ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதுதான் தப்பு.

இப்போது மண்டியில் அந்த வாசலை அடைத்தாயிற்று. வெளியாள் பழுது பார்க்க வேண்டுமானால் முதலில் போன் செய்ய வேண்டும். மகன் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடுகிறான். டிஸ்க் ராத்திரி வீட்டுக்குப் போகிறது. இதற்கு ஆன செலவு அந்த டிஸ்க்கின் விலை மட்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பென்ஷன் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும். ஏமாந்ததில் அவமானமில்லை. ஆனால் சாவியை நிலைப்படியில் வைத்துவிட்டுப் பூட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.