வசனம் எங்கே போச்சு?

ராயபுரம் என்ற பெயர் இராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். இராயப்பர் என்பது பழைய கத்தோலிக்கத் தமிழ். புராட்டஸ்டண்ட் பைபிளில் அவரே பேதுரு. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பதில் அங்கே யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் ஒரு பைபிளில் இருக்கும் வசனம் இன்னொரு பைபிளில் இல்லையென்றால் மட்டும் பிரச்சினை வந்துவிடுகிறது. "புது மொழிபெயர்ப்பில் வசனத்தைத் திருடிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றுகிறதே, அதுதான்.

அந்தச் செய்தியில் தவறாமல் வருவது மத்தேயு 17:21. ஜெபத்தையும் உபவாசத்தையும் பற்றிய வசனம். பழைய தமிழ் பைபிளில் இருக்கிறது. பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்பிலோ போய்விட்டது. யார் திருடியது?

பதில் கிரேக்க மூலப் பதிப்பின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. நெஸ்லே-ஆலந்து என்ற அந்தப் பதிப்பு 1898இல் தொடங்கியது. 28ஆம் பதிப்பு 2012இல் வந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எறும்பு ஊர்வது மாதிரி குறியீடுகள். எபிரேய எழுத்தான ஆலெஃப் வந்தால் சினாய் பிரதி. ஆங்கில 'பி' வந்தால் வாடிகன் பிரதி. இரண்டும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிரதியின் குறியோடு நட்சத்திரம் இருந்தால், முதலில் எழுதியவர் கை. சிறிய எண் இருந்தால், பிறகு திருத்தியவர் கை. 'விட்' என்று இருந்தால், எழுத்து சிதைந்திருக்கிறது, இப்படித்தான் தெரிகிறது என்று பொருள்.

இதை வைத்துக்கொண்டு மத்தேயு 17:21ஐப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வாடிகன் பிரதியில் அந்த வசனம் இல்லை. சினாய் பிரதியை முதலில் எழுதியவரும் அதை எழுதவில்லை. பிற்காலத்தில் திருத்தியவர் சேர்த்திருக்கிறார். பழைய தமிழ் பைபிளைப் பவர் குழு 1871இல் முடித்தது. அதற்கு அடிப்படை, பழைய பிரதிகள் பல கிடைப்பதற்கு முன்பே ஐரோப்பாவில் அச்சான கிரேக்க பாடம். ஆக யாரும் எதையும் திருடவில்லை. ஜெபத்தைப் பற்றிய அதே போதனை மாற்கு 9:29இல் இன்றும் இருக்கிறது.

இந்தப் பழக்கம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ராயபுரத்திலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் திருவொற்றியூர். ஆதிபுரீசுவரர் கோயில் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை 1912இல் படியெடுத்தது. அச்சில் வந்த கல்வெட்டுப் பாடங்களிலும் இதே முறைதான். சதுர அடைப்புக்குள் இருப்பது சிதைந்த எழுத்து. அதோடு நட்சத்திரமும் இருந்தால் பதிப்பாசிரியர் தாமே சேர்த்தது. சோழர் பெருமை பேசுகிறவர்கள் பலர் அடைப்பையும் நட்சத்திரத்தையும் கழற்றிவிட்டு, எல்லாமே கல்லில் இருப்பதாக எடுத்துப் போடுகிறார்கள். வாட்ஸ்அப் செய்தி செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

"இதையெல்லாம் சொன்னால் சாதாரண ஜனங்களின் விசுவாசம் ஆடிப்போகும்" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் சபையில் சொல்லாமல் விட்டால் அதே ஜனங்கள் வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்வார்கள், அதுவும் திருட்டுக் கதையாக. எது அதிகமாக ஆட்டும்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தமிழ் பைபிளின் முன்பக்கத்தில் குறியீடுகளுக்கு எளிய தமிழில் ஒரு பக்க விளக்கம். ஞாயிறு வகுப்பில் வருடத்துக்கு அரை மணி நேரம். மளிகைக் கடைக் கணக்கில் பற்று எது, வரவு எது என்று பார்க்கத் தெரிந்த ஜனங்களுக்கு ஒரு நட்சத்திரமும் அடைப்புக்குறியும் புரியாமல் போய்விடாது. சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.