காடு யாருக்குச் சொந்தம்?

மேற்குமலையில் பெய்யும் மழை பிளவக்கல் அணை வழியாகச் சுந்தரபாண்டியம் உள்ளிட்ட வத்திராயிருப்பு வட்டாரத்துக்கு வளம் சேர்க்கிறது. அந்த மலையின் பூர்வகுடிகளான பளியர்களுக்கு இந்த வளத்தில் என்ன பங்கு?

2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலி வாழட்டும். ஆனால் தேன், கிழங்கு, கடுக்காய் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. இது சலுகை அல்ல. உரிமைக் கோரிக்கைகள் பரிசீலிக்கப்பட்டு முடியும்வரை யாரையும் காட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

காட்டை இழந்த பளியர் தோப்புகளில் கூலியாக நிற்பார். நிலமற்ற கூலியின் வலி நம் சேரிகளுக்குத் தெரியாததா? கிராமசபையில் அவர்களின் மனு வரும்போது, மாவட்ட நிர்வாகம் தாமதமின்றி முடிவெடுக்க வேண்டும். தலித் இயக்கங்கள் அவர்களோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும்.