பெருக்கல் கணக்கில் மறையும் கடைத்தெரு

அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய கடைத்தெருக்களை மீட்கும் ‘மெயின் ஸ்ட்ரீட்’ திட்டம் 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் சோதனையாகத் தொடங்கியது. திட்ட அலுவலகத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் பல மடங்கு முதலீடு தெருவுக்கு வந்துள்ளது, ஆகவே நிதியைக் கூட்டலாம் என்பது ஆதரவாளர் வாதம்.

பணம் வந்தது உண்மை. அலுவலகத்தால் வந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் கூட்டுத்தொகையில் அரசுப் பணமும் அடக்கம். நகராட்சி நடைபாதை போட்டாலும் அது முதலீடுதான். நெடுஞ்சாலையோர இரும்புக்கடை ஒன்று கடைத்தெருவுக்கு இடம் மாறினால், தெருவின் கணக்கில் புதுக்கடை ஒன்று, வேலை நான்கு. ஊரின் கணக்கில் சுழியம். கொசுறாக நெடுஞ்சாலையில் ஒரு பூட்டிய கட்டடம்.

நிதி திரட்டுவதிலும் இதே மயக்கம். கலிஃபோர்னியா 1952இல் கொண்டுவந்த வரி உயர்வு நிதிமுறையில், வகுத்த பகுதியின் சொத்து மதிப்பு அன்றைய அளவில் நிறுத்தப்படும். அதற்குமேல் கூடும் வரி அப்பகுதித் திட்டத்துக்கே போகும். நிலவிலை ஏற்றத்தால் தானாகக் கூடிய வரியும் திட்டத்தின் சாதனையாகிவிடும். பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் சேர வேண்டிய பணம் இப்படித் திசைமாறியது பெரும் சர்ச்சையாகி, 2012இல் இம்முறையைக் கையாண்ட அம்மாநில மறுமேம்பாட்டு முகமைகள் கலைக்கப்பட்டன.

அளக்க வேண்டியவை வேறு: திட்டம் இல்லாத, அதே அளவுள்ள ஊரோடு ஒப்பீடு, ஆண்டுதோறும் காலிக்கடைகளின் எண்ணிக்கை, முக்கியமாக, கீழே கடை நடக்க, மேலே புறா அடையும் மாடிகளில் எத்தனை வீடுகளாயின என்பது. மாடியை வீடாக்க ஆகும் செலவு வாடகையில் திரும்பாத ஊர்களில்தான் மானியத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது.