பிள்ளைக்காரி தண்ணி குடிக்கிற நேரம்

கோடை விடுமுறை வந்தால் எங்கள் கம்பத்து வீட்டுக்கு விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "தேக்கடியில யானை பார்க்கணும்" என்பார்கள். இந்தத் தடவை என் நாத்தனார் குடும்பம். புளிசாதம் கட்டிக்கொண்டு, அத்தையையும் என் மூன்று வயதுச் சின்னவளையும் அழைத்துக்கொண்டு குமுளி பஸ் ஏறினோம். நாத்தனார் மகனுக்கு ஒரே ஆசை, செல்போனில் யானையைப் படம் பிடிக்க வேண்டும்.

1895-ல் பென்னிகுக் துரை கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானதுதான் தேக்கடி ஏரி. அன்று முழுகிய மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. எங்கள் பள்ளத்தாக்கு வயல்களுக்கு வருகிற தண்ணீரைத்தான் அந்த யானைகளும் குடிக்கின்றன. கோடையில் காட்டு ஓடைகள் வற்றினால் அவற்றுக்கு ஏரிக்கரைதானே கதி!

மாலைப் படகில் போனோம். வெயில் சாய்ந்து கரைப்புல் பொன்னாக மின்னியது. ஒரு திருப்பத்தில் ஐந்து யானைகள்! தாயின் காலுக்கிடையே ஒரு குட்டி. அவ்வளவுதான், படகில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சின்னவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானும் போனைத் தூக்கினேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு தாயி. பிள்ளைக்காரி தண்ணி குடிக்கிற எடத்துல என்ன அவசரம்?"

உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணம் என்றார்கள். கையில் பிள்ளையோடு நான் செய்யப் போனதும் அதுதானே?

நாத்தனார் மகன் உட்கார்ந்தபடியே எடுத்த படங்கள்தான் நன்றாக வந்தன. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் கை ஆடாது. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால் தோல் மடிப்பும் சேறும்கூடத் தெரியும். எதிரே இருந்தால் யானை கறுப்பு உருவமாக விழும், அதுவும் ஓர் அழகுதான். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் மசமசவென்று ஆகிவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டு எடோஷா பூங்காவில், யானைகள் வரும் நீர்க்குட்டை ஒன்றின் எதிரே சுவருக்கு இப்பால் பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் யானைகள் தாமாக வரும்.

உட்காரத் தெரியாததால் வரும் வினையை 2023 மே மாதம் எங்கள் ஊரே பார்த்தது. அரிக்கொம்பன் கம்பத்துக்குள் புகுந்து ஓடியதில் காயப்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். தோப்பில் ஒதுங்கி நின்ற அந்த யானைக்கு மேலே ஒருவர் படமெடுக்க டிரோன் பறக்கவிட, அது மறுபடி மிரண்டு ஓடியது. ஒரு படத்துக்காக ஊர் உயிரைப் பணயம் வைப்பதா?

அன்று ராத்திரி அத்தையிடம் படங்களைக் காட்டினோம். "எல்லாம் சரி, குட்டியைக் காணோமே?" என்று நாத்தனார் குறைப்பட்டுக்கொண்டார்.

அத்தை சிரித்தார். "காணக்கூடாதுன்னுதானே இத்தனை பேரும் சுத்தி நிக்கிறாளுக!"