ஒற்றை வன்தட்டை நம்புகிறவர்கள்

“எந்த நிறுவனத்தின் வன்தட்டு நம்பகமானது?” என்று கேட்கும் இலக்கிய நண்பர்களுக்கு நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. கேள்வியே பிழையானது. இன்று உலகில் வன்தட்டு செய்பவை மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. எவருடையதும் ஒருநாள் நின்றுபோகும். உத்தரவாதக் காலத்துக்குள் நின்றால் வேறு தட்டு தருவார்கள். அதிலிருந்த உங்கள் நாவலையும் சிற்றிதழ் ஸ்கேன்களையும் தரமாட்டார்கள்.

விலை கூடிய ஒன்றை விடுத்து விலை குறைந்த இரண்டை வாங்குங்கள். இரண்டும் வேறு நிறுவனத்தவையாக, வேறு வீடுகளில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறு படி இல்லாத சுவடிகளும் அழிந்தன. அதை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம்தான் முப்பதாண்டுச் சேகரிப்பை ஒரே மேசையில், ஒரே பெட்டியில் வைத்திருக்கிறோம். (அந்தக் கொடுமையோடு வன்தட்டை ஒப்பிடவில்லை, ஒற்றைப் படியின் கதியைச் சொல்கிறேன்.)

இரண்டுக்குப் பணமில்லை என்பார்கள். 300 பக்க நாவலின் யூனிகோட் உரை சில மெகாபைட்டுகளில் அடங்கிவிடும். ஸ்கேன்களுக்குத்தான் இடம் வேண்டும். 1 டெராபைட் போதுமானவர் 5 டெராபைட்டுக்கு ஆசைப்படுவதாலேயே இரண்டாவதற்குக் காசில்லாமற் போகிறது. சில நூறு ரூபாய்க்கு 16 டெராபைட் என்று விற்கப்படுவதோ அப்பட்டமான மோசடி: உள்ளே இருப்பது சிறு மெமரி கார்டும், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மென்பொருளும்தான்.

எஸ்.எஸ்.டி. வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் மின்தொடர்பின்றிப் பீரோவில் கிடக்கப்போகும் சேமிப்புக்கு அது வேண்டாம். மின்னூட்டம் மெல்லக் கசியும். வன்தட்டையும் வாங்கிவைத்து மறந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இணைத்து, சில கோப்புகளையேனும் திறந்து பாருங்கள்.