பெயரைக் கேட்டது போதும்

2025 பெப்ரவரி 19, புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி சட்டப் புத்தகத்துக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்டது.

சந்தேகநபரின் பெயராக அன்று வெளிவந்தவற்றில் ஒன்று முஸ்லிம் பெயர். ஹட்டனில் எங்கள் தொலைபேசிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. நாளை வகுப்பில் எங்கள் பிள்ளைகளிடம் யார் என்ன கேட்பார்களோ என்று பயந்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்களுக்குப் பழகிப்போன பயம் இது. பிறகு அது பொய் அடையாளம் என்று தெரியவந்தது. பெயரைப் பரப்பியவர்கள் வாய் திறக்கவில்லை.

அவர் முன்னாள் படையினர் என்ற செய்தியும் வந்தது. அதைப் பற்றி எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள்?

இந்த நாட்டில் ஒருவர் பிடிபட்டால் இனம் எது, மதம் எது என்றுதான் தேடுகிறோம். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பட்டதும் இதைத்தான். படையில் இருந்தாயா, எங்கே இருந்தாய், எப்படி வெளியே வந்தாய் என்ற கேள்விகள் கடைசியில்தான் வருகின்றன.

தப்பியோடிய படையினருக்கு 2022இலும் 2024இலும் பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தார்கள். சட்டப்படி விலகலாம், கடதாசி கிடைக்கும். தூக்கம் வராதவனுக்கு அந்தக் கடதாசி மருந்தாகுமா? புதுக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு தப்பியோடியவர்களைக் கைதுசெய்யப் பாதுகாப்புச் செயலாளர் உத்தரவிட்டார். மன்னிப்பு, இல்லாவிட்டால் வேட்டை. நடுவில் எதுவுமில்லை.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 2008இல் முன்னாள் படையினருக்கென்றே தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். குற்றம் செய்தவரை அடையாளம் கண்டு, மனநலச் சிகிச்சையோடும் போதையிலிருந்து மீட்பதோடும் வழக்கை நடத்துகிறார்கள். இங்கிலாந்தில் சிறைக்குள் வரும்போதே படையில் இருந்தாயா என்று கேட்கிறார்கள்.

"கொலைகாரனுக்குச் சலுகையா?" என்று கேட்பீர்கள். இல்லை. சலுகை என்றால் அது மிருசுவில் வழக்கில் நடந்தது. எட்டுப் பொதுமக்களைக் கொன்றதற்காக 2015இல் மரண தண்டனை பெற்ற சுனில் ரத்நாயக்கவை 2020இல் ஜனாதிபதி மன்னித்து வெளியே விட்டார். அங்கே சீருடை விடுதலைக்குக் காரணமானது. நாங்கள் கேட்பது வேறு. தண்டனையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் ஆயுதம் பழக்கி அனுப்பிய அரசு, அவன் பொலிஸ் நிலையத்தில் நிற்கும்போது யாரென்று தெரியாததுபோல் முகத்தைத் திருப்பக் கூடாது.

வீடு திரும்பிய படையினரில் பெரும்பாலானோர் முச்சக்கர வண்டி ஓட்டி, மரக்கறி நட்டு, மரியாதையாக வாழ்கிறார்கள். நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் பழி விழாமலிருக்கவும் இந்தக் கணக்கு வேண்டும்.

பொலிஸிலும் சிறையிலும் முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். வைத்தியரிடம் அனுப்புங்கள். அதுவரைக்கும், பெயரை வைத்து எங்கள் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்க வராதீர்கள்.