கடையும் கிரகமும்

கும்பகோணத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பாட்டனார் காலந்தொட்டு மூன்று தலைமுறையாக நடந்துவரும் பித்தளைப் பாத்திரக் கடை முழுகும் நிலைக்கு வந்துவிட்டதென்றும், அதைக் காப்பாற்ற ஹோமம் செய்தே தீரவேண்டுமென்று தாயார் பிடிவாதமாயிருப்பதாகவும், தான் சுயமரியாதைக்காரனானபோதிலும் தாயாரின் கண்ணீரைப் பார்க்கச் சகிக்கவில்லையென்றும் சொல்லி, நமது அபிப்பிராயம் கேட்கிறார். இது ஒரு வீட்டுச் சங்கதியாய் மாத்திரம் இருந்தால் தபாலிலேயே பதில் எழுதியிருப்போம். கடைத்தெருவில் பல வீட்டுச் சங்கதியும் இதுவேயாதலால் இங்கு எழுதுகிறோம்.

கடை நொடித்தது ஏழரைச் சனியால் என்கிறாராம் ஜோசியர். சனிக்கும் பித்தளைக் குடத்திற்கும் என்ன விரோதமோ நாம் அறியோம். நாம் அறிந்ததெல்லாம், எவர்சில்வரும் பிறகு பிளாஸ்டிக்கும் வந்து பித்தளையை அடுப்பங்கரையை விட்டு வெளியேற்றின என்பதுதான். 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்றார்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 100-க்கு 86 பங்கு அதோடு போயிற்று. ரொக்கத்தில் நடந்த சில்லறைக் கடைகள் ஸ்தம்பித்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020-ல் ஊரடங்கு வந்து கல்யாண முகூர்த்தங்களை அடித்துக்கொண்டு போயிற்று. சீர்வரிசை விற்காத கோடையில் பாத்திரக் கடைக்கு வேறென்ன வியாபாரம்? இவையெல்லாம் இக்குடும்பத்தாரின் ஜாதகத்தைப் பார்த்தா வந்தன? எந்த ராசிக்காரனாயிருந்தாலும் தெரு முழுவதற்கும் வந்தவையல்லவா?

இனி, வீட்டார் தாங்களாகச் செய்துகொண்டதைக் கவனிப்போம். 2019-ல் 100-க்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் 4 லட்சம் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதில் 90,000 ரூபாய், வாஸ்துக்காரர் சொற்படி வாசலை இடித்துக் கட்டுவதற்கும், கல்லாவைத் தென்மேற்கு மூலைக்கு மாற்றுவதற்கும் போயிற்றாம்! வட்டி மாதம் 12,000. மூன்று வருஷத்தில் 4,32,000. அசல் அப்படியே நிற்க, அசலுக்கு மேலேயே கொடுத்தாகிவிட்டது. கல்லா எந்த மூலையிலிருந்தால்தான் என்ன, வட்டிக்காரனுக்கு வழி தெரியாதா?

இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்தவர் தோழரின் தங்கை. பி.காம். படித்தவர், பத்து வருஷமாய்க் கடையின் பேரேட்டை அவர்தான் எழுதுகிறார். ஊரில் நிற்கும் கடன் பாக்கி மாத்திரம் 2 லட்சத்திற்கு மேல் என்றும், சும்மா கிடக்கும் கிடங்கு மனையை விற்று வட்டிக் கடனை அடைக்கலாமென்றும், பெரிய பாத்திரங்களை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாமென்றும் அவர் சொன்னாராம். “நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவளுக்கு இதிலென்ன பேச்சு?” என்று பெரியப்பா வாயை அடைத்துவிட்டாராம். ஆண்மக்கள் மூன்று பேர் கூடிய அந்த யோசனைக் கூட்டத்தில் கணக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை என்பதைத் தோழரே ஒப்புக்கொள்கிறார்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானித்தோம். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று; 2005-ல் இந்தியா முழுவதற்கும் ஆயிற்று. பாட்டனார் விட்டுப்போன கூட்டுக் குடும்பக் கடையில் அந்தத் தங்கைக்கும் பங்குண்டு. கருணையால் அல்ல, சட்டத்தால். அவரை வாய்மூடச் சொன்னவர்கள் சனியைப் பழிப்பது எந்த நியாயம்?

அவர் சொன்னபடியெல்லாம் செய்தாலும் கடை பிழைக்குமென்று நாம் ஜாமீன் நிற்கவில்லை. பிழைக்காவிட்டால், கடனை அடைத்துவிட்டு மூடுவதில் மானக்கேடும் ஒன்றுமில்லை. குடும்பத்திற்காகக் கடையேயொழிய, பாட்டனார் பேருக்காகப் பேரப்பிள்ளைகள் வட்டி கட்டிச் சாகவேண்டியதில்லை. தாயாரின் கண்ணீரை நாம் கேலி செய்யவில்லை. அந்த அம்மையாரிடம் இந்தக் கணக்கை இதுவரை யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா என்றுதான் கேட்கிறோம்.

வரும் பௌர்ணமி ஹோமத்திற்கு 45,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். அதை அப்படியே அசலில் கட்டி, ரசீதைத் தங்கையிடம் கொடுத்துப் பேரேட்டில் பதியச் சொல்லும்படி தோழருக்கு எழுதியிருக்கிறோம்.